ஓமும் வாட்டும்: காயிலைத் தேர்வதும் சூட்டை அமைப்பதும்

வேப் கடையில் காயில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு விவரங்கள் அச்சாகியிருக்கும்: "0.8 ஓம்", "12–16 வாட்". வாட் கூடினால் கருவி உசத்தி, ஓம் குறைந்தால் ஆவி அதிகம் என்பது கடைப்பேச்சு. அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் தொண்டையைக் காறவைத்து, தலையைச் சுற்றவைத்து, "இது நமக்குச் சரிப்படாது" என்று பழைய சிகரெட்டுக்கே ஆளைத் திருப்பி அனுப்புகிறது.

பிரிட்டனில் வாழ்கிற, 18 வயது கடந்த, சிகரெட்டை விட்டுவிட முயல்கிற வாசகருக்காக இந்த அத்தியாயம். மின்சிகரெட் தீங்கற்ற பொருள் அல்ல. எரியும் புகையிலையைவிடத் தீங்கு குறைந்தது என்பதே அதைப் பயன்படுத்துவதற்கான ஒரே நியாயம். புகைப்பழக்கமே இல்லாதவருக்கு அந்த நியாயமும் இல்லை. அவர் இந்தப் பக்கம் வரவேண்டிய அவசியமே இல்லை.

காயிலுக்குள் நடப்பது

காயில் என்பது மின்சாரம் பாய்ந்தால் சூடேறும் மெல்லிய உலோகக் கம்பி. கம்பிக்குப் பதில் நுண்துளைகள் இட்ட உலோகத் தகடும் இருக்கலாம். அதை மெஷ் காயில் என்கிறார்கள். உலோகத்தை ஒட்டிப் பஞ்சுத் திரி. திரி டேங்கிலிருந்து திரவத்தை உறிஞ்சிக் கொடுக்கிறது, சூட்டில் திரவம் ஆவியாகிறது, நீங்கள் இழுக்கும் காற்று அந்த ஆவியைக் கொண்டுபோகிறது. எதுவும் எரிவதில்லை. எரிந்தால் ஏதோ தவறிவிட்டது என்று பொருள்.

திரவத்தின் பெரும்பகுதி இரண்டு பொருள்கள்தான். புரோப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது. 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தாவர கிளிசரின் கெட்டியானது. 290 டிகிரியில் கொதிக்கும். கடைக்காரர்கள் இவற்றை பி.ஜி., வி.ஜி. என்பார்கள். பி.ஜி. மிகுந்த திரவம் திரியில் விரைவாக ஊறும், தொண்டையில் உறைக்கும். வி.ஜி. மிகுந்தது மெதுவாக ஊறும், ஆவியை அடர்த்தியாக்கும்.

ஆகவே ஒரு தம் நன்றாக அமைவதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வினாடிக்கு எவ்வளவு வெப்பம், அது எவ்வளவு பரப்பில் பரவுகிறது, அந்தப் பரப்புக்குத் திரி எவ்வளவு வேகத்தில் திரவம் கொடுக்கிறது. எண்ணெய் ஏறும்வரை அகல்விளக்கின் திரி கருகுவதில்லை. எண்ணெய் வற்றியதும் திரியே எரிகிறது. காயிலிலும் அதே கதைதான். வாட் என்பது இந்த மூன்றில் முதலாவது மட்டுமே.

ஓம் விதி: இவ்வளவு போதும்

பள்ளியில் படித்த ஓம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். மின்னழுத்தத்தை மின்னழுத்தத்தாலேயே பெருக்கி மின்தடையால் வகுத்தால் திறன், அதாவது வாட்.

முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் அயனி பேட்டரி 4.2 வோல்ட் தரும். அதை எந்தச் சுற்றுப்பலகையும் இடையில் இல்லாமல் காயிலோடு நேரடியாக இணைத்தால் கணக்கு இப்படி வரும்:

2.0 ஓம்: 2.1 ஆம்பியர், 8.8 வாட்
1.0 ஓம்: 4.2 ஆம்பியர், 17.6 வாட்
0.5 ஓம்: 8.4 ஆம்பியர், 35.3 வாட்
0.2 ஓம்: 21 ஆம்பியர், 88.2 வாட்
0.1 ஓம்: 42 ஆம்பியர், 176.4 வாட்

தடை பாதியானால் வாட் இரட்டிக்கிறது. "ஓம் குறைந்தால் ஆவி அதிகம்" என்ற பேச்சு பிறந்தது இங்கேதான். மெக்கானிக்கல் மாட் எனப்படும் நேரடி இணைப்புக் கருவிகளில் வாட்டை மாற்ற வேறு வழி கிடையாது. காயிலின் தடையை மாற்றினால்தான் உண்டு. பேட்டரி இறங்க இறங்க வாட்டும் இறங்கும். அதே 0.5 ஓம் காயிலுக்கு 3.5 வோல்ட்டில் கிடைப்பது 24.5 வாட்தான்.

இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான கருவிகள் அப்படிப்பட்டவை அல்ல. உள்ளே இருக்கும் சில்லு காயிலின் தடையை அளந்து, நீங்கள் கேட்ட வாட் வருமளவுக்கு மின்னழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்குகிறது. 15 வாட் கேட்டால் 1.0 ஓம் காயிலுக்கு 3.87 வோல்ட்டும் 0.5 ஓம் காயிலுக்கு 2.74 வோல்ட்டும் கொடுக்கும். இரண்டிலும் வினாடிக்குப் பிறக்கும் வெப்பம் ஒன்றே. இத்தகைய கருவியில் ஓம் குறைந்ததனால் மட்டும் ஆவி கூடாது. பிறகு ஏன் குறைந்த ஓம் காயில்களுக்கு உயர்ந்த வாட் எழுதியிருக்கிறார்கள்?

ஓம் சொல்லாத விஷயம்: பரப்பு

விடை கம்பியின் பருமனில் இருக்கிறது. காயில் செய்யப் பயன்படும் காந்தால் என்ற இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவைக் கம்பியை எடுத்துக்கொள்வோம். 0.32 மி.மீ. கம்பியில் 1.8 ஓம் வேண்டுமானால் ஏறத்தாழ 10 செ.மீ. நீளம் போதும். 0.40 மி.மீ. கம்பியில் அதே 1.8 ஓமுக்கு ஏறத்தாழ 15.6 செ.மீ. வேண்டும். மெல்லிய கம்பியின் மேற்பரப்பு சுமார் 100 சதுர மி.மீ.; பருத்த கம்பியினுடையது சுமார் 196. இரண்டு காயில்களையும் மீட்டர் 1.8 என்றே காட்டும். ஆனால் 20 வாட் கொடுத்தால் முதல் காயிலின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் இரண்டாவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பம் தாங்க வேண்டும்.

குறைந்த ஓம் காயில்களில் பொதுவாகப் பருத்த கம்பியோ, இணையாகப் பொருத்திய இரு கம்பிகளோ, அகன்ற மெஷ் தகடோ இருக்கும். 1 ஓம் கம்பிகள் இரண்டை இணையாகப் பொருத்தினால் தடை 0.5 ஓமாகக் குறையும், பரப்போ இரட்டிக்கும். அவற்றுக்கு உயர்ந்த வாட் தேவைப்படுவது அந்தப் பெரிய பரப்பைச் சூடாக்கத்தான். 15 வாட்டில் அவை வெதுவெதுப்பாகி நின்றுவிடும்.

இதனால்தான் பெட்டியில் உள்ள இரண்டு எண்களில் ஓமைவிட வாட் வரம்பு உங்களுக்குப் பயன்படும் தகவல். பரப்பு, திரியின் உறிஞ்சும் வேகம், காற்று வழி எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு தயாரிப்பாளர் அந்த வரம்பைப் போடுகிறார். ஓம் ஒன்றானாலும் வரம்பு வேறுபடும் காயில்கள் உண்டு. ஆச்சரியப்பட வேண்டாம்.

இரண்டு விதமாக இழுக்கலாம்

முதல் விதம், சிகரெட் பிடிப்பவர் ஏற்கனவே பழகியது: ஆவியை வாய்க்குள் இழுத்து நிறுத்தி, பிறகு மூச்சோடு உள்ளே கொண்டுபோவது. காற்று வழி குறுகலாக இருக்கும். இதற்குரிய காயில்கள் பொதுவாக 0.8 முதல் 1.2 ஓம் வரை, சில அதற்கும் மேல். 10 முதல் 18 வாட் போதும். ஆவி குறைவு, சூடு மிதம்.

இரண்டாவது விதம், மூச்சு இழுப்பதுபோல் ஆவியை நேரே நுரையீரலுக்கு இழுப்பது. காற்று வழி அகலம். காயில் 0.15 முதல் 0.4 ஓம், வாட் 40 முதல் 80. ஒரு ஓமுக்குக் கீழ்ப்பட்டவை என்பதால் சப்-ஓம் என்று பெயர். நடுவில் 0.4 முதல் 0.6 ஓம், 20 முதல் 35 வாட் என்று ஒரு வகையும் உண்டு.

சிகரெட்டை விடுகிறவர் தொடங்க வேண்டியது முதல் விதத்தில். 2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 886 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நிகோடின் மாற்றுப் பொருள்களும் இன்னொன்றுக்கு மின்சிகரெட்டும் கொடுத்தது. ஓராண்டு கழித்துப் புகைக்காமல் இருந்தவர்கள் மின்சிகரெட் பிரிவில் 18 சதவீதம், மற்றதில் 9.9 சதவீதம். அங்கே கொடுக்கப்பட்டது மேகம் விடுகிற கருவி அல்ல. 1 ஓமுக்கு மேல் தடையுள்ள காயில் கொண்ட எளிய கருவி, மில்லி லிட்டருக்கு 18 மி.கி. நிகோடின் கொண்ட திரவம். இரு பிரிவினருக்கும் வாரந்தோறும் ஆலோசகரின் துணையும் இருந்தது. அதையும் மறக்கக் கூடாது.

வாட்டும் நிகோடினும் சேர்ந்தே போகும்

மூன்று வினாடித் தம் ஒன்றில் 15 வாட் கருவி 45 ஜூல் வெப்பம் கொடுக்கிறது. 60 வாட் கருவி 180 ஜூல். வெப்பம் கூடும்போது ஆவியாகும் திரவமும் கூடுகிறது, அதோடு நிகோடினும். 18 மி.கி. திரவத்தை 60 வாட் காயிலில் ஊற்றினால் இரண்டு மூன்று இழுப்பிலேயே இருமல், விக்கல், குமட்டல், தலைசுற்றல் வரலாம். எனவே ஒரு விதி: வாட் கூடினால் நிகோடின் செறிவு குறைய வேண்டும்.

வாயில் நிறுத்தி இழுப்பவர்: 10 முதல் 20 மி.கி. பி.ஜி.யும் வி.ஜி.யும் பாதிக்குப் பாதி.
நேரே நுரையீரலுக்கு இழுப்பவர்: 3 மி.கி., அதிகம் போனால் 6 மி.கி. வி.ஜி. 70 சதவீதமோ அதற்கு மேலோ.

பிரிட்டிஷ் சட்டப்படி நிகோடின் திரவத்தின் உச்ச செறிவு மில்லி லிட்டருக்கு 20 மி.கி.; புட்டி 10 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது, டேங்க் 2 மி.லி.க்கு மேல் கூடாது. சப்-ஓம்காரர்கள் நிகோடின் இல்லாத பெரிய புட்டியை வாங்கி அதில் நிகோடின் புட்டியைக் கலப்பது இதனால்தான். 50 மி.லி. திரவத்தில் 18 மி.கி. செறிவுள்ள 10 மி.லி. புட்டியைக் கலந்தால் 60 மி.லி.யில் 180 மி.கி.; அதாவது மில்லி லிட்டருக்கு 3 மி.கி.

செலவையும் பாருங்கள். ஒருவர் 12 மி.கி. திரவத்தை நாளுக்கு 3 மி.லி. செலவழிக்கிறார், இன்னொருவர் 3 மி.கி. திரவத்தை 12 மி.லி. செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஆவியாக்குவது 36 மி.கி. நிகோடின்தான். ஆனால் இரண்டாமவர் நான்கு மடங்கு திரவத்தை நுரையீரலுக்குள் அனுப்பியிருக்கிறார், நான்கு மடங்கு வாங்கியுமிருக்கிறார். 2026 அக்டோபர் 1 முதல் 10 மி.லி. திரவத்துக்கு 2.20 பவுண்டு வரி என்று பிரிட்டிஷ் அரசு 2024 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. நிகோடின் இல்லாத திரவத்துக்கும் அந்த வரி உண்டு. அந்தக் கணக்கில் முதலாமவருக்கு நாளுக்கு 66 பென்ஸ், இரண்டாமவருக்கு 2.64 பவுண்டு.

புதுக் காயிலைப் பழக்கும் முறை

1. காயிலின் பஞ்சுத் துளைகளில் சில சொட்டுத் திரவம் விடுங்கள். பஞ்சு ஈரமாகத் தெரிந்தால் போதும், வழியக் கூடாது.
2. காயிலைப் பொருத்தி டேங்கை நிரப்பி 10 நிமிடம் வையுங்கள். கெட்டித் திரவமானால் இன்னும் கொஞ்ச நேரம்.
3. திரையில் காட்டும் ஓம், காயிலில் எழுதியிருப்பதோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சிறு வேறுபாடு இயல்பு. பெரிய வேறுபாடு என்றால் திருகு இறுகவில்லை, அல்லது இணைப்பு முனையில் திரவம் படிந்திருக்கிறது. கழற்றித் துடைத்து மறுபடி பொருத்துங்கள்.
4. வரம்பின் அடி எண்ணில் தொடங்குங்கள். 12–16 என்றால் 12.
5. ஐந்தாறு தம் இழுத்த பிறகு ஒரு வாட் ஏற்றுங்கள். சுவை துலங்கும்வரை இப்படியே ஏறுங்கள். சுவை துலங்கியதும் நிறுத்துங்கள். வரம்பின் மேல் எண்ணைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.
6. தம்முக்கும் தம்முக்கும் இடையில் திரி ஊற அரை நிமிடமாவது விடுங்கள்.

பாட் வகைக் கருவிகள் பலவற்றில் வாட் பொத்தானே இருக்காது. காயிலின் ஓமைப் படித்துத் தானே அமைத்துக்கொள்ளும். அங்கே உங்கள் வேலை முதல் இரண்டு படியும் கடைசிப் படியும் மட்டுமே.

நிக்கல், டைட்டானியம், எஃகுக் கம்பிகளின் தடை சூடேற ஏறக் கூடும். அதை அளந்து வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதி சில கருவிகளில் உண்டு. காந்தாலின் தடை சூட்டில் மிகக் குறைவாகவே மாறும் என்பதால் அதற்கு இது வேலை செய்யாது. தொடக்கக்காரர் வாட் முறையிலேயே இருக்கலாம்.

குறியும் காரணமும்

கருகல் வாடை: திரியில் திரவம் இல்லை, அல்லது வாட் அதிகம். உடனே நிறுத்துங்கள். வாட்டைக் குறைத்து, ஊறவிட்டு மறுபடி பாருங்கள். மறுபடியும் கருகினால் பஞ்சு கெட்டுவிட்டது, காயிலை மாற்றுங்கள்.

குடுகுடு சத்தம், வாய்க்குள் சூடான துளிகள் தெறித்தல்: வாட் போதாமல் திரவம் ஆவியாகாமல் தேங்குகிறது, அல்லது அகன்ற துளைக் காயிலில் நீர்த்த திரவத்தை ஊற்றிவிட்டீர்கள். ஒரு வாட் ஏற்றுங்கள், பலத்து உறிஞ்சாதீர்கள்.

சுவை மங்கல்: காயிலில் கரி படிந்திருக்கிறது. இனிப்புக் கூடிய திரவம் சீக்கிரம் கரியாகப் படியும். வாட்டை ஏற்றிச் சுவையைத் திரும்பக் கொண்டுவர முடியாது; கரிதான் இன்னும் கூடும்.

தொண்டையில் காறல்: வாட்டைவிட நிகோடின் செறிவையும் பி.ஜி. அளவையும் முதலில் சந்தேகியுங்கள்.

சிகரெட் ஆசை அடங்கவில்லை: பலர் இங்கேதான் வாட்டை ஏற்றுகிறார்கள். முதலில் நிகோடின் செறிவை ஒரு படி கூட்டிப் பாருங்கள்.

கருகலைச் சகிக்காதீர்கள்

2015 ஜனவரியில் போர்ட்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் அளவீட்டை வெளியிட்டனர். டேங்க் கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைட் தரும் சேர்மங்கள் தென்படவில்லை; 5 வோல்ட்டில் தென்பட்டன. ஃபார்மால்டிஹைட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். செய்தி உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு கிரேக்க இதயநோய் ஆய்வாளர் கான்ஸ்டன்டினோஸ் ஃபார்சலினோஸ் மறுத்தார்: இத்தகைய பொருள்கள் மிகுதியாக உண்டாவது திரி காய்ந்த நிலையில், அந்தக் கருகலை எந்தப் பயனாளரும் தொடர்ந்து இழுக்க மாட்டார்.

இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால் நமக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. 5 வோல்ட் என்பது 2 ஓம் காயிலுக்கு 12.5 வாட், 1 ஓம் காயிலுக்கு 25 வாட். ஆகவே வோல்ட் எண்ணை மட்டும் வைத்து ஆபத்து என்றோ ஆபத்தில்லை என்றோ சொல்ல முடியாது. காயில் தாங்கும் அளவைத் தாண்டுகிறதா என்பதே கேள்வி. அதைச் சொல்லித்தரும் கருவி உங்கள் நாக்கு. "இன்னும் பாதி டேங்க் இருக்கிறதே" என்று கருகிய காயிலோடு நாளைக் கடத்துவது, மிச்சப்படுத்தும் காசுக்குத் தகாத வியாபாரம்.

பேட்டரியின் எல்லை

சில்லு உள்ள கருவியில் பேட்டரியிலிருந்து உறிஞ்சப்படும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது காயிலின் ஓம் அல்ல, நீங்கள் வைத்த வாட். பேட்டரி இறங்கி 3.3 வோல்ட்டில் நிற்கும்போது 15 வாட்டுக்கு 4.5 ஆம்பியர் போதும். 60 வாட்டுக்கு, சில்லின் இழப்பைச் சேர்க்காமலே, 18 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பேட்டரி தொடர்ந்து எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ விவரத்தாளில் பாருங்கள். உறையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது சில நொடி உச்ச அளவாக இருக்கலாம்.

18650 எனப்படும் 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள 3000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, கணக்குப்படி, 15 வாட்டில் மூன்று வினாடித் தம் சுமார் 860 தரும். 60 வாட்டில் சுமார் 215.

பிளாஸ்டிக் உறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். சாவியோடும் சில்லறையோடும் சட்டைப்பையில் போடாதீர்கள், உறையிட்டு வையுங்கள். மெக்கானிக்கல் மாட் பக்கம் போகவே வேண்டாம். குறுக்குச் சுற்று நேர்ந்தால் தடுக்க அதில் சில்லு இல்லை. அமெரிக்காவில் 2018இல் புளோரிடாவிலும் 2019இல் டெக்சாஸிலும் வேப் கருவி வெடித்து உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது.

ஊருக்குப் போகும்போது

கருவியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்கிறது; முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதே குற்றம். அங்கே விமானம் மாறுகிறவர்களும் கவனிக்க வேண்டும். இலங்கையிலும் தடை உண்டு. பயணத்துக்கு நிகோடின் பட்டையோ சூயிங்கமோ எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தாளரிடம் அளவு கேட்டுக்கொள்ளலாம்.

எந்த வரிசையில் முடிவெடுப்பது

முதலில் இழுக்கும் விதம்: சிகரெட்டைப்போல் வாயில் நிறுத்தியா, நேரே நுரையீரலுக்கா. அடுத்து அதற்குரிய காயில். மூன்றாவது அந்தக் காயிலுக்குரிய நிகோடின் செறிவும் திரவக் கலவையும். வாட் கடைசி. முதல் மூன்றும் சரியாக அமைந்தால் வாட்டில் நீங்கள் திருத்த வேண்டியது இரண்டு மூன்று எண்கள்தான்.

சிகரெட் முழுதாக நின்று சில மாதங்கள் ஆன பிறகு நிகோடினைக் குறைக்கத் தொடங்கலாம்: 18இலிருந்து 12, பிறகு 6, பிறகு 3. அப்போது வாட்டைத் தொடாதீர்கள். செறிவைக் குறைத்ததும் உடம்பு பழைய அளவைத் தேடும்; தம் நீளும், கை வாட் பொத்தானுக்குப் போகும். அதை ஏற்றினால் புட்டியில் குறைத்ததை ஆவியில் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள் என்று அர்த்தம். நாளுக்கு எத்தனை மி.லி. செலவாகிறது என்று குறித்துவையுங்கள். செறிவு குறைந்தபோது மில்லி லிட்டரும் கூடாமல் இருந்தால் உண்மையிலேயே இறங்குகிறீர்கள். ஒரு படியில் ஆசை தாங்காமல் சிகரெட் நினைவு வந்தால் முந்தைய படிக்குத் திரும்பிச் சில வாரம் நில்லுங்கள், அவசரம் இல்லை.